செவ்வாய்க்கிழமை மூன்று தடவை

மார்ச் 9

என் அருமை மருமகளுக்கு,

இங்கே நானும் என் இருமலும் இந்த இரண்டாம் மாடியும் இடிந்து விழாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அக்காவும் இருமல் நீங்கலாக மற்ற எல்லாச் சௌக்கியத்தோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி உட்கார்ந்து படி. நாற்காலி இல்லையென்றால் சுவரையாவது பிடித்துக்கொள். நம் சாம்ராஜ்யம் கவிழப் போகிறது.

மாதத்துக்கு ஒருமுறை நம் ஒலிப்பதிவுக் கூடத்தின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, உள்ளே சிறைப்பட்டிருக்கும் நாலாயிரம் விளம்பரங்களையும் மன்னித்து அழிப்பது என் வழக்கம். இந்த மாதம் அந்தக் கும்பலில் ஓர் ஓலை கிடைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன் நான் கீபோர்டும் நீ குரலும் உன் அண்ணன், நம் குச்சி, கிதாருமாகச் சேர்ந்து உலகத்தை உலுக்கிய ஐந்து பாட்டையும் செயலிகளில் ஏற்றிவைத்ததே ஒரு விநியோக நிறுவனம், அது கடையைக் கட்டுகிறதாம். ஜூன் 30 அன்று தாங்கள் ஏற்றிய பாட்டையெல்லாம் தாங்களே இறக்கிவிடுவார்களாம். வேண்டுமென்றால் வேறு நிறுவனம் வழியாக மறுபடி வெளியிட்டுக்கொள்ளலாமாம். அதற்கு ஒரு விதிப் பட்டியல் இணைத்திருக்கிறார்கள். அதை முழுதாகப் படித்து முடிக்க எனக்கு இன்னொரு பிறவி வேண்டும்.

மொத்தம் 1,914 தடவை கேட்கப்பட்ட மகா காவியம் அது. அதில் ஆயிரம் தடவை கேட்டது நான்தான் என்பது அரசாங்க ரகசியம். போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கணக்கு உன் பெயரில் இருக்கிறது. மந்திரிக்குத் தெரியாமல் ராஜா முடிவெடுத்தால் அழகாக இருக்காது.

நீ இரண்டு தடவை போன் பண்ணியிருந்தாய். நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் என் குரலின் இனிமையில் மயங்கி நீ விஷயத்தைக் கோட்டை விட்டுவிடுவாய். ராஜாக்களுக்குக் காகிதம்தான் கௌரவம்.

அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

சலவைக்கடைக்கு மேலே வீற்றிருக்கும் ஏகச்சக்கரவர்த்தி,
உன் மாமா


மார்ச் 18

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியை மட்டும் பகைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? சிரிப்பு வரவழைக்கும் பதில் வேண்டாம், நிஜமான பதில் எழுதுங்கள்.

மாமா, அந்தப் பாட்டுகளைப் போனால் போகட்டும் என்று விட முடியாது. ஏன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. நம்பரை மாற்றிவிட்டான், ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நம் மூன்றாவது பாட்டு இருக்கிறதே, ‘ஈரப் படிக்கட்டு’, அதை ஒரே ஒரு துறைமுக ஊரில் ஒரே ஒரு ஆள் கேட்கிறான். எந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டார்கள் என்று என் கணக்கில் தெரியும். அந்த ஊரில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்டவர் ஒன்று, கேட்ட தடவை மூன்று. இரண்டில்லை, நாலில்லை. ஒரு தடவை இடது காது, ஒரு தடவை வலது காது, ஒரு தடவை இரண்டும் சேர்த்து. இப்படிக் கேட்க நீங்கள்தானே எங்கள் இருவருக்கும் சொல்லித் தந்தீர்கள்?

எண்கள் மறுநாள்தான் வரும். புதன்கிழமை காலை நான் போனைப் பார்ப்பேன். அம்மா எதுவும் கேட்கமாட்டாள், என் முகத்தை மட்டும் பார்ப்பாள். நான் தலையாட்டினால் அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த ஊருக்குப் போய்த் தேடலாமா என்று ஒருதரம் கேட்டேன். “நான் போய் நின்னா அவன் வேற ஊருக்குப் போயிடுவான். கேக்குறான்ல, அது போதும் விடு” என்றாள்.

விதிப் பட்டியலை முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளக் குறி உண்டு. மறுபடி வெளியிடும்போது அதே குறி, அதே தலைப்பு, அதே பெயர்கள், முதல் வெளியீட்டுத் தேதி, எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும். புதியது மேலேறிய பிறகுதான் பழையதை இறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒலி ஃபைல் அதே ஃபைலாக இருக்க வேண்டும். மெருகேற்றினால்கூட அது வேறு பாட்டு. வேறு பாட்டாகிவிட்டால் பழையது அவனுடைய பட்டியலில் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அவன் இரண்டாம் முறை எதையும் தேடுகிறவன் இல்லை.

அதனால் அசல் ஃபைலை அனுப்புங்கள் மாமா. இரண்டு வாரம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பதால் ஜூன் 16-க்குள் எல்லாம் முடிய வேண்டும். பட்டறையில் லென்ஸ் தேய்க்கும்போதுகூட இதே நினைப்புதான். நேற்று ஒருவருடைய இடது கண்ணாடியை வலதில் மாட்டிவிட்டேன்.

உங்கள்,
மருமகள்


மார்ச் 28

மருமகளே,

உன் கடிதம் வந்த அன்று என் இருமல் நின்றுவிட்டது. அதிர்ச்சியில் அது எங்கே போனதென்று இன்னும் தெரியவில்லை. அக்காவின் முழங்காலுக்கு என் தண்டனிடல்.

அப்படியா செய்கிறான் அந்தக் குச்சி? மூன்று தடவையா? நான் இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து மூடினேன். வேறு வேலை எதுவும் இல்லை, சும்மாதான்.

ஆகட்டும். ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு எழுத்துக் குறி. என் முழுப்பெயருக்கே அத்தனை எழுத்து கிடையாது. நான் செத்து மறுபடி பிறந்தால் அதே குறி, அதே தலைப்பு, அதே வழுக்கையோடு வந்தால்தான் அக்கா என்னைத் தம்பி என்று ஒப்புக்கொள்வாள் போலிருக்கிறது. இந்த விதிகளை எழுதியவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் மாலை போடுவேன். அப்புறம் அந்த மாலையாலேயே கட்டிப்போடுவேன்.

ஐந்து பாட்டின் ஃபைலும் இன்று காலை மின்னஞ்சலில் உனக்கு வந்திருக்கும். ஃபைல் கம்பி வழியாக, பேச்சு காகிதம் வழியாக, இதுதான் நம் ராஜ்யத்தின் சட்டம். அனுப்பும் முன் ‘ஈரப் படிக்கட்டை’ முழுதாகக் கேட்டேன். இடது காது, வலது காது, இரண்டும் சேர்த்து. அச்சு அசல். பதினோரு வருஷத்துக்கு முன் இந்தக் கம்பளம் ஒட்டிய சுவருக்குள் நாம் எப்படிப் பாடினோமோ அப்படியே இருக்கிறது. கவலையை விட்டுவிட்டு அவரவர் கண்ணாடியை அவரவர் கண்ணில் மாட்டு.

இன்னொன்று. எனக்கும் அவனுக்கும் நடந்தது சின்னச் சண்டைதான் என்று நான் அப்போதே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

காவியங்களின் காவலன்,
மாமா


ஏப்ரல் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் இல்லை, மன்னியுங்கள். அம்மா நலம்.

நீங்கள் அனுப்பிய ‘ஈரப் படிக்கட்டு’ நாலு நிமிஷம் ஒன்பது விநாடி. செயலியில் இருப்பது நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

மூன்று விநாடி எங்கே போனது என்று தேட வேண்டியதே இல்லை. பாட்டு தொடங்குவதற்கு முன் அண்ணன் மெதுவாக எண்ணுவானே, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று, அது இல்லை. கிதாரில் விரல் நகரும்போது ஒரு கீச்சல் வருமே, அதுவும் இல்லை. என் குரலே ஈரத்துணியால் துடைத்துவைத்த மேஜை மாதிரி இருக்கிறது. புதிய நிறுவனத்தின் சோதனையில் போட்டுப் பார்த்தேன். பழைய பதிவோடு பொருந்தவில்லை, புதிய குறி வாங்குங்கள் என்று பதில் வந்துவிட்டது.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டினேன். உங்களுடையதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிமிர்ந்து, “இதுல என் புள்ள இல்லையேடி” என்றாள்.

மூன்று தடவை கேட்டதாக எழுதியிருந்தீர்கள் மாமா. உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

நீங்கள் தப்பான ஃபைலை அனுப்பியிருக்க வேண்டும். சரியானதை உடனே அனுப்புங்கள். மூன்று தடவை போன் பண்ணினேன்.

மருமகள்


ஏப்ரல் 24

மருமகளே,

பதில் தாமதமாகிவிட்டது. இந்தப் பத்தொன்பது நாளில் நான் உலகைச் சுற்றி வந்திருக்கலாம். அதற்குப் பதில் இந்தக் கூடத்தின் ஒவ்வொரு அலமாரியையும் சுற்றி வந்தேன். உலகம் சின்னது.

நான் அனுப்பியது தப்பான ஃபைல் இல்லை. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஒருசமயம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது ஐந்து பாட்டையும் கொஞ்சம் சுத்தம் செய்தேன். இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, துடைப்பம் மாதிரி, தொடக்கத்தில் மிஞ்சும் மௌனத்தையும் அதுவே கத்தரித்துவிடும். சுத்தம் செய்ததைப் பழையதன் மேலேயே சேமித்துவிட்டேன். பெருக்குகிறவன் குப்பையோடு சேர்த்து மோதிரத்தையும் பெருக்கித் தள்ளினான் என்று வைத்துக்கொள். ஏன் செய்தேன் என்று கேட்காதே. ராஜாக்கள் சில நாட்களில் முட்டாள்தனமாக நடப்பது சரித்திரத்தில் புதிதில்லை.

ஆனால் கலங்காதே. அசலை அன்று நாலு சிடியில் எழுதினோம், நினைவிருக்கிறதா? எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, ராஜாவிடம் கஜானாவே இருக்கும்போது சில்லறை எதற்கு என்ற திமிர். ஒன்று உனக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று குச்சிக்கு, நாலாவது கீழே சலவைக்கடைக்காரருக்கு. அவரிடம் படையெடுத்துப் போனேன். “அது பத்திரமா இருக்குங்க, தினமும் யூஸ் பண்றேன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மொட்டைமாடியில் காட்டினார். துணி காயும் கொடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், புறா வராமல் இருக்க. பதினோரு வருஷ வெயில். நம் இசைக்குப் பயந்து ஒரு புறாகூட அந்தப் பக்கம் வந்ததில்லையாம்.

மூன்று கணினியில் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

உன்னுடையதும் அக்காவுடையதும் இருக்குமே?

மாமா


மே 3

மாமாவுக்கு,

என்னுடையது வீடு மாறியபோது தொலைந்தது. அம்மாவுடையதை அண்ணன் போன பிறகு அவள் தினமும் போட்டுப் போட்டு, அடிப்பக்கம் முழுக்கக் கீறல். இரண்டாவது பாட்டோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது.

ஆக மீதி இருப்பது அண்ணனுடையது மட்டும்.

ஜூன் 16-க்கு நாற்பத்து நாலு நாள் இருக்கிறது. புதன்கிழமைகளில் தலையாட்டுகிறேன். இன்னும் எத்தனை தடவை ஆட்ட முடியும் என்று எண்ணிக்கொண்டே ஆட்டுகிறேன். அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டதென்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறாள்.

ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தீர்கள். கேட்கிறேன். அன்றைக்கு அவனிடம் என்ன சொன்னீர்கள்? போனை ஏன் எடுப்பதில்லை? உங்களுக்கு என்ன ஆயிற்று?

சிரிக்கவைத்து அனுப்பிவிடாதீர்கள்.

மருமகள்


மே 14

அன்பு மருமகளுக்கு,

நான் உடம்புக்கு நலம்தான். இருமல்கூட இல்லை. இந்தக் கடிதத்தை அக்காவுக்கும் வாசித்துக் காட்டு. ஒருத்திக்கு மட்டும் சொல்லி இன்னொருத்திக்கு மறைக்கும் அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை.

அன்று ஒரு விளம்பரக் குரல் பதிவு. வாடிக்கையாளர் மூன்று பேர் பின்னால் நாற்காலியில். பதிவு நன்றாக வந்ததென்று நான் தலையைச் சிலுப்பிக்கொண்டிருந்தேன். குச்சி ஹெட்போனைக் கழற்றாமலே, “மாமா, உள்ள ஒரு இரைச்சல் இருக்கு. மெல்லிசா, விசில் மாதிரி. நம்ம கூடத்துல எடுத்த எல்லாத்துலயும் இருக்கு. நம்ம பாட்டுலகூட ஏழாவது விநாடியில கேக்கும். மின்சாரப் பெட்டியை மாத்தணும்” என்றான்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மறுபடி போட்டான். கேட்கவில்லை. அந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், “உனக்குக் காதே இல்லடா. ஏழு வருஷம் இங்க ஒக்காந்தும் வரல. இனிமே எங்க வரப்போவுது” என்றேன்.

மற்ற வேலையில் இது ஒரு வசவுகூட இல்லை. எங்கள் வேலையில் இதற்கு மேல் ஒரு வசவு இல்லை.  குச்சி ஹெட்போனைக் கழற்றினான், வயரை ஒழுங்காகச் சுருட்டினான், ஆணியில் மாட்டினான், படியிறங்கினான். வயரை வீசிவிட்டுப் போயிருந்தால்கூட நான் பின்னாலேயே ஓடியிருப்பேன்.

அவன் சொன்னது பொய்யென்று நிரூபிக்க அந்த வாரமே உட்கார்ந்தேன். காதை நம்பாமல், ஒலியைப் படமாகக் காட்டும் திரையைப் போட்டேன். உச்சியில் ஒரு கோடு, தலைமுடி மாதிரி, எல்லாப் பதிவிலும். நம் பாட்டிலும் இருந்தது. அவன் சொன்ன அதே ஏழாவது விநாடியில் தெளிவாக. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனைத் தேடிப்போய்க் காலில் விழாவிட்டாலும் கையையாவது பிடித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கோட்டை அழித்தேன். சாட்சியை அழிக்கிற திருடன் மாதிரி ஐந்து பாட்டிலும் அழித்து, பழையதன் மேலேயே சேமித்தேன். அதோடு அவன் எண்ணுகிற குரலும் போனது எனக்குத் தெரியாது. எனக்கு அது கேட்காததால் அது போனதும் கேட்கவில்லை. மார்ச்சில் உனக்கு அனுப்பும் முன் மூன்று தடவை கேட்டேன் என்று எழுதியது உண்மை. கேட்டேன். அச்சு அசலாகத்தான் இருந்தது.

மருத்துவர் ஒரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார். மலை உச்சியில் நடந்துபோகும் ஒருவன் பாதியில் கால் தவறி விழுந்த மாதிரி ஒரு கோடு. அதுதான் என் காது. உன் குரலில் பாதிதான் போனில் வரும். மீதியை ஊகித்து “ஆமாம், ஆமாம்” என்று நான் சொன்னால், நீ இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் காகிதம். காது போன ஒலிப்பதிவுக்காரனிடம் எவன் வருவான் என்ற பயமும் சேர்த்து. சக்கரவர்த்தி, சக்கரவர்த்தி என்று கையெழுத்துப் போட்டதெல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டைதான்.

இப்போது ஒரு யோசனை. பாட்டு ஓடும்போது திரையில் வரிகள் ஓடுமே, அதை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று உன் விதிப் பட்டியலில் படித்தேன். ஆமாம், முழுவதும் படித்துவிட்டேன், இன்னொரு பிறவி தேவைப்படவில்லை. ‘ஈரப் படிக்கட்டில்’ நீ பாடி நிறுத்தி, அவன் கிதார் மட்டும் ஒலிக்கிற இருபது விநாடி இருக்கிறது. அங்கே வரியே இல்லை. அந்த இடத்தில் இதைப் போடு:

குச்சி, உனக்குக் காது இருக்கிறது.
இரைச்சல் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.
அசலை நானே அழித்தேன்.
பாட்டை மறுபடி ஏற்ற ஜூன் 16-க்குள் உன் சிடி வேண்டும். மாமா.

பாடாததை வரியாகப் போடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நம் மொழி தெரிந்த அதிகாரி அங்கே இருந்தால் என்னைத் தூக்கில் போடட்டும். உலகமே பார்க்குமே என்று தயங்காதே. போன மாதம் உலகம் மொத்தத்தில் அதைக் கேட்டது ஒன்பது பேர்.

மாமா


மே 27

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னாள்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சுருட்டி மாட்டினான் என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முடித்ததும் கடிதத்தை வாங்கி மடித்துவைத்தாள். அப்புறம், “நாலு வருஷமா நான் ஒவ்வொரு தடவையும் கத்திக் கத்திப் பேசுனேன். போன் சரியில்லன்னு சொன்னான் பாரு உன் மாமன், அந்தப் பய” என்றாள். கோபமா என்று கேட்டேன். கோபம்தான் என்றாள். அதே மூச்சில், காதுக்குக் கருவி உண்டாமே, ஏன் இன்னும் வாங்கவில்லை என்று எழுதச் சொன்னாள்.

வரிகளைப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். நானே போனில் போட்டுப் பார்த்தேன். கிதார் தொடங்கியதும் ஒவ்வொன்றாக மேலே வருகிறது. 

இன்று புதன்கிழமை. எண் வந்திருக்கிறது.

ஒன்று.

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறான். நாலு வருஷத்தில் மூன்றுக்குக் குறைந்ததே இல்லை. வரிகள் வந்த இடத்தில் நிறுத்திவிட்டானா? நாம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டானா? அம்மாவிடம் தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டேன். இதை மதிய இடைவேளையில் எழுதுகிறேன்.

மருமகள்


ஜூன் 10

மாமாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை பூஜ்யம். நேற்றும் பூஜ்யம்.

உங்களிடமிருந்தும் கடிதம் இல்லை. நலமாக இருக்கிறீர்கள் என்று மட்டுமாவது இரண்டு வரி எழுதுங்கள்.

16-ஆம் தேதி காலை வரை பார்ப்பேன். அதுவரை ஒன்றும் வராவிட்டால் நீங்கள் சுத்தம் செய்த ஃபைலையே புதிய குறியோடு கொடுத்துவிடுவேன். அவன் கண்ணில் படாவிட்டாலும் பாட்டு எங்கேயாவது இருக்கட்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். 

மருமகள்


ஜூன் 15

மருமகளே, அக்காவே, இந்தக் கடிதம் யார் கையில் முதலில் கிடைக்கிறதோ அவர்களே,

நலம், நலம், நலம். மூன்று தடவை.

இது உன்னிடம் வந்து சேரும்போது ஃபைல் உன்னிடம் ஒரு வாரப் பழசாகியிருக்கும். இருந்தாலும் எப்படி நடந்தது என்பதைக் காகிதத்தில் எழுதாவிட்டால் என் கை என்னை மன்னிக்காது.

ஒரு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. என்ன எழுதுவது? கணினியின் முன்னால் உட்கார்ந்து அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன், திறப்பேன். விளம்பரங்களை அழிக்கக்கூட பயம், அழிக்கிற கை இது. சலவைக்கடைக்காரர் மேலே வந்து, “என்னங்க, தாடியெல்லாம் வெச்சிருக்கீங்க, புதுப் பாட்டா” என்று விசாரித்தார். புறாக்கள் என்னைப் பார்த்துப் பயப்படத் தொடங்கிவிட்டன.

இன்று காலை பெட்டியில் ஒரு ஃபைல். அனுப்பியவர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை. நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

போட்டேன். மருமகளே, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், தொடக்கத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பழையபடி அதே மௌனம். பிறகு திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிதார் தொடங்கும் முன், தட்டையான கோட்டின் மேல் மூன்று சின்ன மேடுகள். எறும்புப் புற்று மாதிரி. ஒண்ணு. ரெண்டு. மூணு. விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். திரையில் என் விரல் ரேகை இன்னும் இருக்கிறது, துடைக்கவில்லை. இனி இந்தக் கூடத்தில் எதையும் துடைப்பதாக இல்லை.

ஃபைலோடு இரண்டே வரி எழுதியிருந்தான். அப்படியே தருகிறேன்:

“ஏழாவது விநாடி இரைச்சல் அப்படியே இருக்கட்டும் மாமா. எடுத்தா பழைய குறி ஒட்டாது.”

விதி முழுவதும் படித்திருக்கிறான், படவா. எங்கே இருக்கிறான், என்ன வேலை செய்கிறான், வருவானா, ஒரு எழுத்து இல்லை. நானும் கேட்கவில்லை. “எடுக்கமாட்டேன்” என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சுருக்கமான கடிதம் அது.

ஃபைலை உனக்கு உடனே அனுப்பிவிட்டேன். உனக்குப் போன் பண்ணினேன், நீ எடுத்தாய், ஏதோ சொன்னாய். அழுதாயா சிரித்தாயா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் ஆமாம், ஆமாம்.

மாமா


ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டது, காரணம் கேட்டால் வெயில் குறைந்ததால் என்கிறாள். உங்கள் தாடியை எடுத்தாயிற்றா?

அன்று நான் அழுதேன். சந்தேகம் தீர்ந்ததா?

16-ஆம் தேதி காலையிலேயே கொடுத்துவிட்டேன். பழைய குறி, பழைய தேதி, பழைய பெயர்கள், மூவர் பெயரும். இந்தத் தடவை சோதனையில் பொருந்தியது. 27-ஆம் தேதி புதியது மேலேறியது. மூன்று நாள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரட்டைப் பிள்ளை மாதிரி. 30 அன்று பழையது போய்விட்டது. அன்று மாலை வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அதே பாட்டு, அதே இடம், கேட்ட கணக்கு ஒன்றுகூடக் குறையாமல். என் சொந்தப் பட்டியலில் அது சாம்பல் நிறமாகவில்லை. அவன் பட்டியலிலும் ஆகியிருக்காது.

ஆனால் ஜூனில் மிச்சமிருந்த செவ்வாய்கள் எல்லாம் பூஜ்யம். ஜூலை முதல் செவ்வாயும் பூஜ்யம். உங்களுக்கு எழுதாமல் இருந்தது அதனால்தான். ஃபைலை அனுப்பியதோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டானோ என்று பயந்தேன். உங்கள் நாலு வரியை எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன், அம்மா விடவில்லை. “அது அவனுக்கு எழுதுனது. அவன் எடுன்னு சொன்னா எடு” என்றாள்.

இன்று காலை அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள். போனை அவள் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

அந்த ஊர். நேற்று. கேட்ட தடவை நாலு.

நாலா? நாலு வந்ததே இல்லையே என்று போனைப் பிடுங்கினேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன் மாமா. நாலு வருஷமாக அங்கே கேட்டவர் ஒன்று என்றுதான் இருக்கும். நேற்று, கேட்டவர் இரண்டு.

“மூணு அவன். நாலாவது யாருடி?” என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. பட்டறைக்கு இன்று அரை மணி தாமதம்.

உங்கள்,
மருமகள்


ஜூலை 24

அருமை மருமகளுக்கு,

தாடி போயிற்று. காதுக்குள் ஆளுக்கொரு கருவி குடிவந்திருக்கிறது, அக்காவின் உத்தரவுப்படி. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பக்கமும் நத்தை ஏறிய அரசமரம் மாதிரி இருக்கிறேன்.

மாட்டிக்கொண்டு முதல் வேலையாக ‘ஈரப் படிக்கட்டை’ப் போட்டேன். குச்சி எண்ணினான். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது, அடக்கியிருக்கிறான். அதைப் பதினோரு வருஷமாக நான் கேட்டதே இல்லை. ஏழாவது விநாடியில் அந்த விசிலும் வந்தது. சகிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எத்தனை வாடிக்கையாளர்களை நான் அதட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் ஊரைவிட்டே ஓடலாம்போல் இருக்கிறது. மின்சாரப் பெட்டியை மாற்றிவிட்டேன். ஆணியில் அந்த ஹெட்போன் அப்படியே தொங்குகிறது, அதைத் தொடவில்லை.

நாலாவது யார் என்று அக்கா உன்னைத் துளைத்துக்கொண்டிருப்பாள். எனக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆள் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறது, இரண்டு காதையும் சேர்த்து, ஊர் உலகத்தில் எல்லோரும் கேட்கிற மாதிரி. இன்னும் பயிற்சி போதாது. இடது ஒரு தடவை, வலது ஒரு தடவை என்று குச்சி சொல்லித் தர வேண்டும். எல்லோருக்கும் சொல்லித் தருகிறவன் இல்லை அவன்.

சொல்லித் தந்தால் ஆறு வரும். புதன்கிழமைகளில் பார்த்துக்கொண்டே இரு. ஆறு வந்த அன்று எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டு நிற்காதே. போன் பண்ணு.

எடுப்பேன்.

மாமா